நோயாளி சிகரெட்டை விட உதவ: உங்கள் கிளினிக்குக்கு எந்த வழி பொருந்தும்?

"நோயாளிங்க சிகரெட்டை விட உதவணும்னு எங்களுக்கும் ஆசைதான். ஆனா எதுல இருந்து ஆரம்பிக்கிறது?" மருத்துவர்களும் நர்ஸ்களும் என்னிடம் அடிக்கடி கேட்பது இது. மாத்திரை எழுதிக் கொடுத்தால் போதாதா என்பார் ஒருவர். தனியாக ஓர் ஆலோசகரை வேலைக்கு வைக்கலாமா என்று கணக்குப் போடுவார் இன்னொருவர். சிகரெட்டை விட ஆலோசனை தரும் தொலைபேசி உதவி எண்ணை அட்டையில் அச்சடித்து மேசையில் அடுக்கி வைத்திருப்பவர்களும் உண்டு. முடிவு தள்ளிப்போய்க்கொண்டே இருக்கும். அதற்குள் புகைப்பவர்கள் எத்தனையோ பேர் அந்த அறைக்கு வந்து, யாரும் கேட்காமலேயே திரும்பிப் போயிருப்பார்கள்.

விட விரும்புகிறவர்கள் குறைவு என்று நினைக்க வேண்டாம். உலகில் புகையிலை பயன்படுத்துவோர் ஏறக்குறைய 125 கோடி. அவர்களில் 60 சதவீதத்துக்கு மேற்பட்டோர் விட ஆசைப்படுகிறார்கள், ஆனால் 70 சதவீதம் பேருக்குப் பலன் தரும் உதவி எட்டவில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2024 ஜூலையில் சொன்னது. பெரியவர்கள் புகையிலையை விட உதவும் சிகிச்சைக்கான தன் முதல் வழிகாட்டி நெறிகளை அது வெளியிட்டதும் அப்போதுதான்.

என் அப்பா பல வருடம் ரத்த அழுத்தத்துக்காக ஒரே கிளினிக்குக்குப் போய்க்கொண்டிருந்தார். ஒவ்வொரு முறையும் "சிகரெட்டை விட்டுடுங்க" என்று சொல்லி அனுப்பினார்கள். அவரும் தலையாட்டிவிட்டு வருவார். வாசலில் நின்று ஒன்றைப் பற்ற வைத்துக்கொண்டுதான் வீட்டுக்குக் கிளம்புவார். ஒருநாள் புதிதாக வந்த நர்ஸ் ஒருவர், "ஐயா, என்னைக்கு விடலாம்னு ஒரு தேதி சொல்லுங்க. அதுக்கு மறுநாள் நானே போன் பண்றேன்" என்றார். சொன்னபடியே செய்தார். அப்பா இரண்டு முறை வழுக்கி, மூன்றாம் முறை விட்டார். அத்தனை வருடம் அறிவுரைக்குக் குறைவே இல்லை. அடுத்த அடியை யார் எடுத்து வைப்பது என்பதுதான் அந்த ஒரு நாளில் மாறியது. அதற்குப் பிறகு எந்தத் திட்டத்தைப் பார்த்தாலும் முதலில் அதைத்தான் தேடுகிறேன்.

## எதை வைத்து எடைபோடுவது

நேரம். ஒரு நோயாளிக்கு எத்தனை நிமிடம், அந்த நிமிடங்கள் டாக்டருடையதா வேறு யாருடையதா?

அடுத்த அடி. நோயாளி கதவைத் தாண்டிய பிறகு போன் செய்ய வேண்டியவர் அவரா, நாமா?

ஆறு மாதம் கழித்து என்ன நிலை. ஒரு வாரம் நிறுத்துவது பலருக்கும் முடிகிறது. எந்த உதவியும் இல்லாமல் முயல்பவர்களில் ஆறு மாதம், ஒரு வருடம் தாக்குப் பிடிப்பவர்கள் நூற்றுக்கு 3 முதல் 5 பேர்தான். எந்த வழியையும் இந்த எண்ணோடு வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

மறைந்திருக்கும் செலவு. பணம் மட்டுமல்ல. பயிற்சி, பதிவேடு, தொடர்ந்து கூப்பிடும் வேலை, மற்ற மருந்துகளின் அளவை மாற்ற வேண்டிவருவது எல்லாம் இதில் சேரும்.

ஆள் மாறினாலும் நிற்குமா. ஆர்வமுள்ள ஒருவர் விடுப்பில் போனதும் படுத்துவிடும் திட்டங்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

| வழி | நேரம் | அடுத்த அடி யாருடையது | மறைந்திருக்கும் செலவு | எங்கே பொருந்தும் |
|---|---|---|---|---|
| டாக்டரின் சுருக்கமான பேச்சு | 30 விநாடி முதல் 3 நிமிடம் | பெரும்பாலும் நோயாளியுடையது | கேட்க மறந்துபோவது | கூட்டம் நிறைந்த எந்த இடத்திலும் |
| தொலைபேசி உதவி எண் | 1 முதல் 2 நிமிடம் | அட்டை கொடுத்தால் நோயாளியுடையது; நாமே இணைத்தால் உதவி மையத்துடையது | மொழி, எடுக்கப்படாத அழைப்புகள் | தனி ஆள் வைக்க முடியாத இடம் |
| மருந்து | 5 முதல் 10 நிமிடம், பிறகு மறுவருகைகள் | பாதி நம்முடையது | தவறான பயன்பாடு, பிற மருந்துகளின் அளவு | பழக்கம் ஆழமாக ஊறியவர்கள் |
| சொந்த ஆலோசனைப் பிரிவு | ஒருவருக்குப் பல அமர்வுகள் | நம்முடையது | ஆள் விலகுவது, காலி நாற்காலிகள் | இதயம், நுரையீரல், புற்றுநோய், மனநலப் பிரிவுகள் |
| படுக்கையில் இருக்கும்போதே தொடங்குவது | 10 முதல் 20 நிமிடம் | நம்முடையது, வீடு திரும்பிய பிறகும் | வீடு திரும்பியதும் அறுந்துபோவது | உள்நோயாளிகள் |

## டாக்டரே சில வார்த்தை சொல்வது

இதைச் சாதாரணமாக நினைக்கிறவர்களுக்கு 1979இல் வெளியான ஓர் ஆய்வைச் சொல்வேன். லண்டனில் மைக்கேல் ரஸ்ஸல் குழுவினர் 5 மருத்துவ நிலையங்களில் 28 பொது மருத்துவர்களை வைத்து, புகைக்கும் நோயாளிகள் 2,000 பேருக்கு மேல் கவனித்தார்கள். எதுவும் சொல்லப்படாதவர்களில் ஒரு வருடம் புகைக்காமல் இருந்தவர்கள் 0.3 சதவீதம். ஓரிரு நிமிட அறிவுரை கேட்டவர்களில் அது 3.3 சதவீதம். அறிவுரையோடு ஒரு துண்டுப் பிரசுரமும் கொடுத்து, "பிறகு விசாரிப்போம்" என்று சொல்லி அனுப்பியவர்களில் 5.1 சதவீதம். அந்தக் கடைசி வாக்கியத்தைக் கவனியுங்கள். விசாரிப்போம் என்று சொன்னதற்கும் அந்த உயர்வில் ஒரு பங்கு உண்டு.

பிற்பாடு நடந்த பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால், சுருக்கமான அறிவுரை நூற்றுக்கு 1 முதல் 3 பேரைக் கூடுதலாக விடவைக்கிறது. கேட்கச் சின்ன எண்தான். ஆனால் வருடத்துக்கு 1,000 புகைப்பவர்களைப் பார்க்கும் ஒரு மருத்துவருக்கு அது 10 முதல் 30 பேர். பிரிட்டிஷ் மருத்துவர்களை 50 ஆண்டுகள் தொடர்ந்த ரிச்சர்ட் டாலின் ஆய்வு (2004), 60 வயதில் விட்டவருக்குச் சுமார் 3 ஆண்டும், 50இல் விட்டவருக்கு 6 ஆண்டும், 40இல் விட்டவருக்கு 9 ஆண்டும், 30இல் விட்டவருக்கு 10 ஆண்டும் ஆயுள் கூடுவதாகக் காட்டியது. மூன்று நிமிடத்தில் இவ்வளவு ஆயுளைக் கூட்டித் தரும் வேலை மருத்துவத்தில் அதிகம் இல்லை.

எப்படிச் சொல்கிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. "இப்படியே பிடிச்சா நுரையீரல் போயிடும்" என்பது நோயாளிக்கு ஏற்கனவே தெரிந்த செய்தி. 2012இல் வந்த ஒரு தொகுப்பாய்வு, உடல்நலக் காரணம் சொல்லி விடச் சொல்வதைவிட உதவி செய்கிறேன் என்று முன்வருவது அதிகம் பேரை முயல வைக்கிறது என்று காட்டியது. பிரிட்டனில் நர்ஸ்களுக்குச் சொல்லித்தரும் முறையும் இதை ஒட்டியதுதான்: கேள், சொல், செய். "இப்ப சிகரெட் பிடிக்கிறீங்களா?" என்று கேட்டுப் பதிவு செய்வது. "விடறதுக்கு நல்ல வழி, மருந்தும் ஆலோசனையும் சேர்ந்ததுதான்" என்று சொல்வது. "ரெண்டையும் நான் ஏற்பாடு பண்றேன், இன்னைக்கே ஆரம்பிக்கலாமா?" என்று செயலில் இறங்குவது. அரை நிமிடம் போதும். "விட விருப்பமா?" என்ற கேள்வி இதில் இல்லை. அதைக் கேட்டால் பாதிப் பேர் கூச்சத்தில் "பார்க்கலாம்" என்பார்கள், பேச்சு அங்கேயே முடிந்துவிடும். சர்க்கரை நோய்க்கு மருந்து எழுதும்போது விருப்பமா என்று கேட்டுவிட்டா உதவ முன்வருகிறோம்?

கேட்டால் நோயாளி கோபித்துக்கொள்வார் என்ற பயம் பலருக்கு இருக்கிறது. புகைப்பதைப் பற்றிக் கேட்டு உதவ முன்வந்த மருத்துவர்களிடம் நோயாளிகளுக்குத் திருப்தி கூடுகிறது என்றே ஆய்வுகள் சொல்கின்றன. கோபம் வருவது குற்றம் சாட்டும் தொனியால்.

இதன் மறைவான செலவு மறதி. நாற்பதாவது நோயாளியிடம் கேட்க யாருக்கும் நினைவிருக்காது. ரத்த அழுத்தம் பார்க்கும் நர்ஸே கேட்டுக் குறித்துவிட வேண்டும், பதிவேட்டில் அதற்கென ஒரு கட்டம் இருக்க வேண்டும். பல் மருத்துவமனைக்கும் மருந்துக் கடைக்கும் இந்த வழி அப்படியே பொருந்தும்.

## தொலைபேசி உதவி எண்

அட்டையைக் கையில் கொடுப்பதும் நோயாளியின் எண்ணை வாங்கி நாமே அனுப்பி வைப்பதும் ஒன்று போலத் தெரியும். அமெரிக்காவின் ஹூஸ்டனில் 10 குடும்ப மருத்துவ நிலையங்களில் இரண்டையும் ஒப்பிட்டார்கள் (2013). அட்டை கொடுத்த இடங்களில், அடையாளம் கண்ட புகைப்பவர்களில் 0.6 சதவீதம் பேர்தான் சிகிச்சையில் சேர்ந்தார்கள். அவர்களின் எண்ணைக் கணினி வழியாக உதவி மையத்துக்கு அனுப்பி, அங்கிருந்து 48 மணி நேரத்துக்குள் கூப்பிட வைத்த இடங்களில் 7.8 சதவீதம். பதின்மூன்று மடங்கு! சேவை அதேதான். யார் முதலில் கூப்பிடுகிறார்கள் என்பது மட்டும் வேறு. அட்டை கொடுப்பதோடு நிறுத்திக்கொள்ளும் திட்டத்தை எனக்குப் பரிந்துரைக்க மனம் வராததற்கு இதுதான் காரணம்.

தெரியாத எண்ணிலிருந்து வரும் அழைப்பைப் பலர் எடுப்பதில்லை. "நாளைக்கு சாயங்காலம் இந்த நம்பர்ல இருந்து கூப்பிடுவாங்க" என்று சொல்லி, அந்த எண்ணை அவர் போனிலேயே சேமித்துக் கொடுத்து அனுப்பினால் பாதிச் சிக்கல் தீரும். நோயாளி பேசும் மொழியில் அங்கே ஆள் இருக்கிறாரா என்பதைத் தெரிந்துகொள்ள, நீங்களே ஒருமுறை கூப்பிட்டுப் பாருங்கள். அப்புறம், உதவி மையத்திலிருந்து உங்களுக்குத் தகவல் திரும்பி வராமல் போகலாம். அடுத்த வருகையில் நீங்கள்தான் விசாரிக்க வேண்டும்.

உதவி எண்ணே இல்லாத இடங்களில் குறுஞ்செய்தித் திட்டங்களை யோசிக்கலாம். பிரிட்டனில் 5,800 பேரிடம் நடந்த சோதனையில் (2011), ஊக்கமூட்டும் குறுஞ்செய்திகள் பெற்றவர்களில் 10.7 சதவீதம் பேர் ஆறு மாதம் கழித்தும் புகைக்காமல் இருந்தார்கள். மற்றவர்களில் அது 4.9 சதவீதம். உமிழ்நீர்ப் பரிசோதனையில் உறுதிசெய்த எண்கள் இவை.

## மருந்து

அதிகம் பயப்படுவதும் அதிகம் தவறாகக் கொடுப்பதும் இதைத்தான். அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

முதலில் தோலில் ஒட்டும் நிக்கோட்டின் பேட்ச், நிக்கோட்டின் சூயிங்கம், சப்பும் மாத்திரை. "நிக்கோட்டினை விடத்தானே வந்தார், அதையே கொடுப்பதா?" என்று நர்ஸ்களே கேட்பார்கள். அடிமையாக்குவது நிக்கோட்டின், ஆனால் ஆளைக் கொல்வது பெரும்பாலும் புகையில் இருக்கும் தாரும் கார்பன் மோனாக்சைடும் மற்ற நச்சுகளும். இந்த வகை மருந்துகள் வெற்றி வாய்ப்பை 50 முதல் 60 சதவீதம் வரை கூட்டுகின்றன. நாள் முழுக்க மெதுவாக இறங்கும் பேட்ச்சோடு, தவிப்பு எழும் நேரத்துக்கு சூயிங்கத்தையும் சேர்த்துக் கொடுத்தால், ஒன்றை மட்டும் கொடுப்பதைவிடப் பலன் சுமார் கால் பங்கு அதிகம். நடைமுறையில் ஒன்றைத்தான் கொடுக்கிறார்கள், அதையும் அளவு குறைத்து. நாளுக்குப் பத்து சிகரெட்டுக்கு மேல் பிடிப்பவருக்கு வழக்கமான தொடக்கம் 21 மி.கி. பேட்ச். எழுந்து அரை மணி நேரத்துக்குள் முதல் சிகரெட் பற்ற வைப்பவருக்கு 4 மி.கி. சூயிங்கம், மற்றவர்களுக்கு 2 மி.கி. அதைச் சாதாரண சூயிங்கம் போல மென்றால் நிக்கோட்டின் வயிற்றுக்குப் போய் விக்கலும் எரிச்சலும்தான் மிஞ்சும். சில தடவை மென்று, காரம் தட்டியதும் கன்னத்தோரம் ஒதுக்கி வைக்க வேண்டும். முன்பின் கால் மணி நேரம் காபியோ புளிப்பான பானமோ கூடாது. "சூயிங்கம் போட்டுப் பார்த்தேன், வேலைக்கு ஆகல" என்று சொல்லும் பலருக்கு இதை யாரும் சொல்லித் தந்ததே இல்லை.

அடுத்து வரெனிக்லின் என்ற மாத்திரை. அது மூளையில் நிக்கோட்டின் போய் உட்காரும் இடத்தில் பாதி அளவு வேலை செய்து தவிப்பைத் தணிக்கும். புகைத்தாலும் பழைய சுகம் வராது. மனநிலையைக் கெடுக்கும் என்ற அச்சத்தில் 2009இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை இதற்குக் கடுமையான எச்சரிக்கை வைத்தது. பிறகு 16 நாடுகளில் 8,144 பேரிடம் ஈகிள்ஸ் என்ற சோதனை நடந்தது. அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் மனநலச் சிக்கல் இருந்தவர்கள். வரெனிக்லினோ, புகையை விட உதவும் இன்னொரு மாத்திரையான புப்ரோபியானோ மனநலப் பக்க விளைவுகளைக் குறிப்பிடத்தக்க அளவில் கூட்டவில்லை என்று 2016இல் முடிவு வந்தது. அதே வருட இறுதியில் எச்சரிக்கையை நீக்கினார்கள். 9ஆம் வாரத்திலிருந்து 24ஆம் வாரம் வரை தொடர்ந்து புகைக்காமல் இருந்தவர்கள் வரெனிக்லினில் 21.8 சதவீதம், புப்ரோபியானில் 16.2, பேட்ச்சில் 15.7, போலி மாத்திரையில் 9.4. எச்சரிக்கை போன பிறகும் பயம் போகவில்லை; பழைய செய்தியை நினைவில் வைத்துக்கொண்டு இன்றும் எழுதத் தயங்குகிறவர்களைப் பார்க்கிறேன். குமட்டலும் தெளிவான கனவுகளும் வரும் என்பதை முன்பே சொல்லிவிடுங்கள். உணவோடு, நிறையத் தண்ணீர் குடித்துச் சாப்பிட்டால் குமட்டல் குறையும். சிறுநீரகம் மிகவும் பழுதானவர்களுக்கு அளவைக் குறைக்க வேண்டும்.

வலிப்பு வந்தவர்களுக்கும், உணவுண்ணும் கோளாறு உள்ளவர்களுக்கும் புப்ரோபியான் கூடாது. சைட்டிசின் ஒரு தாவரத்திலிருந்து கிடைப்பது, பல்கேரியாவில் 1964 முதல் புழங்குகிறது, வழக்கமான முறையில் 25 நாளில் முடிந்துவிடும். நியூசிலாந்தில் நடந்த சோதனையில் (2014) அது நிக்கோட்டின் மருந்துகளைவிட நன்றாகவே வேலை செய்தது. கிடைக்கும் நாடுகளில் கவனிக்க வேண்டிய மருந்து.

மருந்தின் மறைவான செலவுகளில் ஒன்று கட்டாயம் தெரிந்திருக்க வேண்டியது. புகையில் உள்ள சில பொருள்கள், கல்லீரலில் குறிப்பிட்ட மருந்துகளைச் சிதைக்கும் என்சைமைத் தூண்டிவிடுகின்றன. புகைப்பதை நிறுத்தியதும் அந்தத் தூண்டுதல் நின்று, மனநோய்க்குக் கொடுக்கும் குளோசபின், ஒலான்சபின், மூச்சிரைப்புக்குக் கொடுக்கும் தியோபிலின் போன்றவற்றின் அளவு ரத்தத்தில் ஏறிவிடும். குளோசபின் விஷயத்தில் இது ஆபத்தாகவும் முடியலாம். நிக்கோட்டின் இதற்குக் காரணம் இல்லை என்பதால் பேட்ச் ஒட்டியிருந்தாலும் இது நடக்கும். விடும் தேதி குறிக்கும் முன்பே நோயாளி சாப்பிடும் எல்லா மருந்துகளையும் பார்த்துவிட வேண்டும். இன்னொன்று எடை. விட்டவர்களுக்கு ஒரு வருடத்தில் சராசரியாக 4 முதல் 5 கிலோ கூடுகிறது. முன்கூட்டியே பேசாவிட்டால் அதைக் காரணம் காட்டியே மறுபடி தொடங்கிவிடுவார்கள்.

மருந்தை மட்டும் எழுதி அனுப்பினாலும் பலன் உண்டு. ஆலோசனையும் சேர்ந்தால், வெறும் அறிவுரையோடு ஒப்பிட வெற்றி 70 முதல் 100 சதவீதம் வரை கூடுகிறது. கர்ப்பிணிகளிடம் மட்டும் மருந்துக்கு முன்னால் ஆலோசனை.

## சொந்த ஆலோசனைப் பிரிவு

வந்து சேரும் ஒருவருக்குக் கிடைக்கும் பலன் இங்கேதான் அதிகம். ஆனால் வந்து சேருகிறவர்கள் குறைவு. விடும் நாள் குறித்து, வாரம் ஒருமுறையாக நான்கு அமர்வாவது பேசி, ஊதிப் பார்க்கும் கார்பன் மோனாக்சைடு கருவியில் எண் இறங்குவதை நோயாளிக்கே காட்டும்போது முகத்தில் வரும் மகிழ்ச்சியைப் பார்க்க வேண்டும்.

இதில் பெரிய செலவு சம்பளம் என்று நினைப்போம். அதைவிடப் பெரிதாக ஒன்று நடக்கிறது: "அதுக்குத்தான் ஓர் ஆள் இருக்காரே" என்று மற்ற டாக்டர்கள் கேட்பதை நிறுத்திவிடுகிறார்கள். அனுப்புகிறவர் இல்லாமல் நாற்காலி காலியாகக் கிடக்கும், ஆறு மாதத்தில் நிர்வாகம் அந்த இடத்தை வேறு வேலைக்கு மாற்றிவிடும். ஒரே ஆளை நம்பியிருந்தால் அவர் விலகியதும் எல்லாம் நின்றுபோகும். இருக்கும் நர்ஸ்களில் இரண்டு பேருக்குப் பயிற்சி கொடுத்து, வாரத்தில் இரண்டு அரை நாள் ஒதுக்குவது என் பார்வையில் மேல்.

மனநலப் பிரிவுகளில் இதற்கு அவசியம் அதிகம். "பாவம், அவருக்கு இருக்கற ஒரே ஆறுதல் அதுதான்" என்று விட்டுவிடும் பழக்கம் அங்கே இருக்கிறது. புகைப்பதை விட்டவர்களிடம் பதற்றமும் மனச்சோர்வும் மன அழுத்தமும் குறைவதாக 2014இல் வந்த தொகுப்பாய்வு காட்டியது. மனநோய் உள்ளவர்களிடமும் அப்படித்தான்.

## படுக்கையில் இருக்கும்போதே தொடங்குவது

மருத்துவமனைக்குள் புகைக்க முடியாது, பயமும் புதிதாக இருக்கும். மாரடைப்புக்குப் பிறகு விட்டவர்களுக்கு இறப்பு அபாயம் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. கனடாவின் ஒட்டாவா பல்கலைக்கழக இதய மருத்துவ நிலையம் 2002இல் இதை நோயாளியைச் சேர்க்கும் நடைமுறையிலேயே சேர்த்தது: எல்லோரிடமும் கேட்பது, படுக்கையிலேயே மருந்து தொடங்குவது, வீட்டுக்குப் போன பிறகும் போனில் தொடர்வது.

கடைசி பகுதியை விட்டுவிட்டால் மற்றவை வீண். வீடு திரும்பிய பிறகு குறைந்தது ஒரு மாதம் தொடர்ந்த திட்டங்களில்தான் தெளிவான பலன் தெரிந்திருக்கிறது. வீட்டுக்கு அனுப்பும் சீட்டில் பேட்ச் எழுதப்பட்டிருக்கிறதா, முதல் அழைப்பின் தேதி குறிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்தாலே அந்தத் திட்டம் தேறுமா என்று சொல்லிவிடலாம்.

## சரி, உங்களுக்கு எது?

தனியாக கிளினிக் நடத்தும் டாக்டர் என்றால், அரை நிமிடப் பேச்சும் நீங்களே இணைத்துவிடும் உதவி எண்ணும் போதும். பிறகு பேட்ச்சும் சூயிங்கமும் சேர்த்து எழுதப் பழகிக்கொள்ளுங்கள். 2009இலேயே நிக்கோட்டின் மருந்துகளும், 2021இல் வரெனிக்லினும் புப்ரோபியானும் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் சேர்ந்துவிட்டன. இவற்றைச் சிறப்பு மருத்துவர்தான் எழுத வேண்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை.

இரண்டு மூன்று நர்ஸ்கள் இருக்கும் இடத்தில் கேட்பதையும் பதிவதையும் தொடர் அழைப்பையும் அவர்களிடம் முறையாக ஒப்படையுங்கள். அதை அவர்களுடைய வேலை நேரமாகவே கணக்கில் எடுக்க வேண்டும். பெரிய மருத்துவமனை என்றால் உள்நோயாளிகளில் தொடங்குங்கள். ஆலோசனைப் பிரிவுக்கு ஆள்களை அனுப்பும் பாதையும் அதுவே ஆகிவிடும். பிரிவை முதலில் திறந்துவிட்டு ஆள் வருவார்கள் என்று காத்திருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

எதைத் தேர்ந்தெடுத்தாலும், மறுபடி தொடங்கிவிட்டவர் திரும்பி வரும் நாளுக்குத் தயாராக இருங்கள். முதல் வாரத்தில் தவிப்பு உச்சத்தில் இருக்கும், பலரும் வழுக்குவது அப்போதுதான். அதனால் முதல் அழைப்பு விட்ட மறுநாளோ மூன்றாம் நாளோ போக வேண்டும், மாதக் கடைசியில் அல்ல. வழுக்கியவர் உங்கள் முகத்தைப் பார்க்க வெட்கப்பட்டு ரத்த அழுத்த மருந்து வாங்கக்கூட வராமல் இருந்துவிடுவார். அப்பாவும் முதல் முறை வழுக்கியபோது அப்படித்தான் அந்த மாதம் கிளினிக் பக்கமே போகவில்லை. அந்த நர்ஸ்தான் கூப்பிட்டு, "எத்தனை நாள் பிடிக்காம இருந்தீங்க ஐயா?" என்று கேட்டார். ஒன்பது நாள் என்றார் அப்பா. "சரி, பத்தாவது நாள் என்ன ஆச்சுன்னு பார்த்துட்டு அடுத்த தேதி குறிப்போம்" என்றார் அவர்.